கல்லு நாக்கு

படையலில் எந்த மதுவை வைப்பது என்று வைத்தியலிங்கத்தின் மனைவிக்குத் தெரியவில்லை.

மற்றதெல்லாம் தெரியும். சுறாப் புட்டு, மாங்காய் போட்ட மீன் குழம்பு, வாழைப்பூ வடை, வாழைக்காய் வறுவல், பச்சரிசிப் பாயசம் என்று அஞ்சலாட்சி மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள். எல்லாம் காரமில்லாமல். அவருக்கு வயிற்றில் புண் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் மிளகாய் நுழைந்ததில்லை. கொழுந்தன் ஏகாம்பரம் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுக் கடைசியில் இழுத்தான்.

“அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் சாயங்காலம் ஒரு ஷாட் போடுவாரு இல்ல, அதையும் வைக்கணும். நான் போயி ஏதாச்சும் ஒரு குவாட்டர் வாங்கியாந்துடறேன்.”

“ஏதாச்சும் ஒண்ணு எதுக்கு தம்பி? அவரு குடிச்சத இல்ல வைக்கணும்.”

“அவரு என்னா குடிச்சாருன்னு யாருக்குத் தெரியும்?”

அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. ஒன்றரை வருஷமாக, பேட்டரி மாற்றும் நிலையத்தில் வேலை முடிந்ததும் அவர் நேராக வீட்டுக்கு வருவதில்லை. உப்பளம் பக்கத்துச் சந்தில் இருக்கும் பாருக்குப் போவார். அரை மணி நேரம். ஒரே ஒரு சின்ன கிளாஸ். பிறகு வந்து கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவார். தள்ளாட்டம் கிடையாது, சத்தம் கிடையாது, வீட்டுப் பணம் குறைந்ததும் கிடையாது. குடித்துவிட்டு விழுந்து கிடக்கும் புருஷனிடம் சண்டை போடலாம், அழலாம், அக்கம்பக்கத்தில் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். சிரித்த முகத்தோடு வந்து உட்காருகிறவரிடம் என்னவென்று கேட்பது? பிள்ளையும் இல்லாத வீடு. இரண்டே பேர். அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மற்றவர் போதவில்லை, அவ்வளவுதான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அந்த முடிவோடு பேசாமல் இருந்துகொண்டிருக்கும்போதே, வேலை செய்யும் இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

“நானே போயிக் கேட்டு வாங்கியாறேன்,” என்றாள்.

“காரியம் முடியாம வாசல் தாண்டக் கூடாதுண்ணி. அதுவும் பாருக்கா? ஊரு என்னா பேசும்?”

“பேசட்டும்.”

ஏகாம்பரத்துக்கு அண்ணியின் குரல் தெரியும்.

பாருக்குள் அவள் நினைத்த அளவு இருட்டு இல்லை. முகம் பார்க்கும்படி வெளிச்சமாகவே இருந்தது. நீளமான மர மேடைக்குப் பின்னால் கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட ஒரு இளம்பெண் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. சரக்குகளின் பெயர் இருக்கும் என்று பார்த்தால் இப்படி இருந்தது: குழந்தை நாக்கு. புள்ளத்தாச்சி நாக்கு. கருப்பட்டிக் கிழவர் நாக்கு. கல்லு நாக்கு.

மேடையின் மறுகோடியில் மூன்று பையன்கள் சிரித்து உருண்டுகொண்டிருந்தார்கள். ஒருவன் பச்சை நிறத்தில் ஏதோ ஊற்றிய சின்ன கிளாஸை அப்படியே வாயில் கவிழ்த்தான்.

“நிலவேம்பும் பாவக்கா சாறும் சாராயமும்டா! தண்ணி மாதிரி எறங்குது!”

“கல்லு நாக்குன்னா சும்மாவா மச்சான்.”

“எனக்குக் கல்யாணம் ஆச்சுன்னா இந்த நாக்குல ஒண்ணு வீட்டுக்கு வாங்கிப் போட்டுடுவேன்டா. பொண்டாட்டி என்னா ஆக்கிக் கொட்டினாலும் சூப்பர் சூப்பர்னு சாப்பிட்டுட்டே இருக்கலாம்.”

மூவரும் மேடையைத் தட்டிச் சிரித்தார்கள்.

மேடைக்குப் பின்னால் இருந்த பெண் வந்தவளின் வெறும் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தாள். “யாரைப் பாக்கணும்க்கா?”

“வைத்தியலிங்கம்னு ஒருத்தரு இங்க வருவாரு.”

“வைத்தி அண்ணனா? அவரு ரெண்டு வாரமா...” சொல்லிக்கொண்டே வந்தவள் மறுபடியும் அந்த நெற்றியைப் பார்த்தாள். துடைத்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். “ஐயோ. அக்கா, நீங்க...”

“நாளைக்குக் காரியம். படையலுக்கு அவரு என்னா குடிப்பாரோ அது வேணும்.”

பெண்ணின் பெயர் செரபினா. அவள் மேடையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அஞ்சலாட்சியை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு உள்ளே போய் மூன்று புட்டிகளை எடுத்தாள். கட்டைவிரல் பருமன் கிளாஸின் அடியில் கருப்பான ஒரு பாகு ஊற்றினாள். ஒரு கரண்டியைக் குப்புறப் பிடித்து, அதன் முதுகில் வழியவிட்டு இஞ்சிச் சாறு கலந்த மதுவை அதன் மேல் இறக்கினாள். அதற்கும் மேல் தண்ணீர் போலத் தெளிவாக ஒன்று. மூன்றும் கலக்காமல் அடுக்கடுக்காக நின்றன. கடைசியில் ஒரு மெல்லிய உறிஞ்சு குழலை உள்ளே விட்டு, மேல் நுனியை விரலால் அடைத்து, ஒரு சொட்டை எடுத்துத் தன் நாக்கில் விட்டுப் பார்த்தாள். உடனே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“நீ எதுக்கும்மா குடிக்கற?”

“குடிக்கலக்கா. ருசி பாக்காம நாங்க எதையும் குடுக்க மாட்டோம். தொழில் அப்படி.”

“நாங்க ருசி பாக்காமத்தான் சமைப்போம்,” என்றாள் அஞ்சலாட்சி.

அது அவள் தாய்வீட்டு வழக்கம். அடுப்பில் இருப்பதில் சமைக்கிறவளின் எச்சில் படக்கூடாது. எல்லாம் கொதித்து முடிந்ததும் கடைசியாக உப்பைப் போட்டுவிட்டு, “உப்பு பாருங்க” என்று கூப்பிடுவாள். வைத்தியலிங்கம் எங்கிருந்தாலும் வந்து உள்ளங்கையை நீட்டுவார். ஒரு சொட்டு வாங்கி நக்கிவிட்டு, ஒரு கண்ணை மூடி, பெரிய நீதிபதி மாதிரி யோசித்து, “சரியா இருக்குது” என்பார். கல்யாணமான மறுநாளிலிருந்து இதுதான். அண்மைக் காலமாகத்தான் அவர் சரி என்று சொன்ன குழம்பு, அவள் பிற்பாடு சாப்பிடும்போது கரித்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், “மனசு பூராவும் அந்த பாருலயே இருந்தா நாக்குல உப்பு எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, கரிக்கும் அந்தச் சோற்றை மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். அன்றிலிருந்து அவள் உப்பு பார்க்கக் கூப்பிடுவாள், ஆனால் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

“இந்தப் பலகையில என்னாம்மா போட்டிருக்கு? நாக்கு நாக்குன்னு?”

“அதுவாக்கா.” செரபினா ஒரு வெறும் கிளாஸை எடுத்து விளிம்பைக் காட்டினாள். தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளி வளையம் ஒட்டியிருந்தது. “இது நாக்குல பட்டா லேசா மின்சாரம் குடுக்கும். வலிக்காது, கிளாஸை எடுத்தப்புறமும் கொஞ்ச நேரம் நிக்கும். யாரோட பதிவைப் போடறமோ, அவங்களுக்கு எப்படி ருசிக்குமோ அப்படியே நமக்கு ருசிக்கும். குழந்தை நாக்கைப் போட்டா இனிப்பு ரெண்டு மடங்கு. புள்ளத்தாச்சி நாக்குல புளிப்பு அப்படி இருக்கும். நாக்கு நம்மளுது, ருசி அவங்களுது.”

“அவங்க கிட்டேருந்து எப்படி எடுப்பீங்க?”

“ஒரு பட்டையை நக்கச் சொல்லுவோம். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்புன்னு ஒவ்வொண்ணா. முன்னாடியெல்லாம் வழக்கமா வர்றவங்களுக்கு மட்டும்தான் எடுத்தோம், அவங்க வாய்க்குத் தகுந்தா மாதிரி கலக்கறதுக்கு. அப்புறம் ஒருத்தர் நாக்கை இன்னொருத்தர் கேக்க ஆரம்பிச்சாங்க. முதலாளி அதையே வியாபாரமாக்கிட்டாரு.”

அஞ்சலாட்சி அந்த வளையத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அவருதும் இருக்குதா?”

செரபினா மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

“இருக்குதான்னு கேட்டேன்.”

“வேணாம்க்கா.”

“அவரு எதை ருசின்னு தேடி வந்தாருன்னு நான் பாக்கணும். வீட்டுல கெடைக்காத அது என்னான்னு தெரியணும். அதுக்குத்தான்மா வாசல் தாண்டி வந்திருக்கேன்.”

அந்த நேரம் பார்த்து மறுகோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. “அக்கா! இன்னொரு ரவுண்டு கல்லு!”

செரபினா அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். அவள் கண் போன இடத்துக்கு அஞ்சலாட்சியின் கண்ணும் போயிற்று. புரிய ஒரு கணம் ஆனது.

“கல்லு...?”

“வைத்தி அண்ணன்தான்க்கா.”

பையன்கள் காத்திருந்தார்கள். செரபினா அவர்களிடம் போய், “கல்லு இன்னிக்குத் தீந்துபோச்சு,” என்றாள்.

“நாக்கு எப்படிக்கா தீரும்?” என்று ஒருவன் கேட்க, “தீரும். எந்திரிச்சுப் போங்க,” என்று அவள் சொன்ன தோரணையில் அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

திரும்பி வந்தவள் வளையம் ஒட்டிய கிளாஸில் கல்லு நாக்கின் பதிவைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். “என்னா போடட்டும்க்கா? சர்க்கரையா?”

“உப்பு.”

கிளாஸ் விளிம்புகளில் தடவுவதற்காக மேடையில் ஒரு தட்டு நிறைய உப்பு இருந்தது. செரபினா ஒரு சிட்டிகை கரைத்துக் கொடுத்தாள். அஞ்சலாட்சி வாயில் வைத்தாள். தண்ணீர்.

“இன்னும் போடு.”

தண்ணீர்தான்.

அவளே கையை நீட்டித் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டாள். கரையாமல் அடியில் படிந்த உப்போடு சேர்த்து வாயில் கவிழ்த்துக்கொண்டாள். பல்லுக்கிடையில் மணல் நறநறப்பதுபோல் நறநறத்தது. வாய்க்குள் ஏதோ இருப்பது தெரிந்தது. அது உப்பு என்பது தெரியவில்லை. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். செரபினா ஒரு டம்ளரை வாய்க்கு நேரே பிடித்து, “துப்பிடுங்கக்கா,” என்றாள்.

“எப்போலேருந்து?”

“அந்தப் பெரிய காய்ச்சல் ஒண்ணு வந்துச்சே ஊரெல்லாம், அதுலேருந்துன்னு சொன்னாரு. மொதல் நாள் பதிவு எடுத்தப்ப எனக்கு மிஷின் கெட்டுப்போச்சுன்னுதான் தோணுச்சு. கோடு மேல கீழ போவணும். அண்ணனுக்கு ஒரே நேர்க்கோடு. மறுபடி எடுத்தேன், அதே மாதிரி. மிஷினைத் தட்டிட்டே இருந்தேன். ‘மிஷின் நல்லாத்தாம்மா இருக்கு, நான்தான் கெட்டுட்டேன்’னு சிரிச்சாரு.”

“அப்ப எதுக்கு இங்க வந்தாரு? ஒண்ணும் தெரியாதவருக்கு எந்த சரக்கானா என்னா?”

செரபினா மூன்றடுக்கு கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினாள். “மேல தெளிவா இருக்குது பாருங்க, அது ஊசி மிளகாய் ஊறப் போட்ட ரம்மு. நடுவுல இஞ்சி. காரம் ருசி இல்லக்கா. அது ஒரு வலி. நாக்குல ருசி செத்தாலும் வலி சாவாது. வளையத்தால கூட அதை ஒண்ணும் பண்ண முடியாது. அண்ணனுக்கு வாயில தெரிஞ்சதே அது ஒண்ணுதான்.”

அஞ்சலாட்சி தன் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். உதட்டிலிருந்து தொண்டை வரைக்கும் நெருப்புக் கோடு இழுத்ததுபோல் இருந்தது. இருமினாள். இருமல் நின்ற பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

“வீட்டுல காரம் கேட்டாரும்மா,” என்றாள். “கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் போடேன்னு கெஞ்சுவாரு. சின்னப் புள்ள மாதிரி அடம் பிடிக்காதீங்கன்னு நான் மிளகாய்த் தூள் டப்பாவையே தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்.”

“வயித்துப் புண்ணுன்னு என்கிட்ட அவரு மொதல்ல சொல்லவே இல்லக்கா. ரெண்டு மாசம் கழிச்சு வாய் தவறிச் சொன்னாரு. நான் குடுக்க மாட்டேன்னுட்டேன். அன்னிக்குத்தான் எல்லாத்தையும் சொன்னாரு. ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணாரு. கேக்கவும் இல்ல.”

“எல்லாத்தையும்னா? என்னா சொன்னாரு?”

செரபினா துடைக்கும் துணியை மடித்து வைத்தாள். “‘அவ சமைக்கறப்ப ருசி பாக்க மாட்டா. அவளுக்கு நான்தாம்மா நாக்கு. அந்த நாக்கு போச்சுன்னு சொல்லிட்டா அப்புறம் அவ யாருக்குன்னு சமைப்பா?’ன்னாரு. நீங்க உப்பு போடறப்ப உங்க கையைப் பாப்பாராம். கை தயங்காம வந்தா சரின்னு சொல்லுவாராம். பெரும்பாலும் சரியா வந்துடுமாம்.”

அஞ்சலாட்சி தன் வலது கையைப் பார்த்தாள். கடைசிக் காலத்தில் கோபத்தோடு உப்புப் போட்ட கை. கோபத்தில் இருக்கும் கை தயங்காது.

“இதை அழிச்சிடு,” என்றாள். “அந்தக் கல்லை. இங்கேருந்து எடுத்துடு. புள்ளைங்க சிரிக்கறதுக்கா அவரு நாக்கு?”

“இங்க நான் அழிச்சிடுவேன்க்கா. இப்பவே வேணும்னாலும். ஆனா அண்ணன் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாரு. அதுக்குப் பதிலாத்தான் தினம் ஒரு ஷாட். வீட்டுப் பணத்துல கை வைக்க மாட்டேன்னு அவருதான் அந்த ஏற்பாட்டைச் சொன்னாரு. முதலாளி அதைச் சென்னை, பெங்களூருன்னு எல்லா பாருக்கும் வித்துட்டாரு. எதையும் கசக்க விடாத நாக்கு வேற எங்க கெடைக்கும்? எங்க கடையில அதிகமா ஓடறதே அதுதான்.”

அஞ்சலாட்சி எழுந்தாள். எந்தெந்த ஊரிலோ, எவன் எவனோ, கசப்பான எதையோ அவர் வாயால் சிரித்துக்கொண்டே விழுங்கிக்கொண்டிருக்கிறான். அந்தக் காய்ச்சலிலிருந்து அவர் செய்ததும் அதைத்தான் என்று தோன்றியது.

செரபினா மூன்று சின்ன சீசாக்களில் தனித்தனியாக ஊற்றிக் கொடுத்தாள். எதை முதலில் ஊற்றுவது, கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று செய்து காட்டினாள். “குலுக்கிடாதீங்கக்கா. அண்ணனுக்கு அடுக்கு கலையக் கூடாது. மூணையும் கண்ணால பாத்துட்டுத்தான் வாயில வைப்பாரு,” என்றாள்.

மறுநாள் காலையில் அஞ்சலாட்சி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, கொடுத்த மிளகாய்த் தூளைத் திருப்பிக் கேட்டாள். சமையலறைக்குள் வேறு யாரையும் விடவில்லை. மீன் குழம்பு சிவந்து கொதித்தது. புட்டில் பச்சை மிளகாயை இடித்துக் கொட்டினாள். வடையில் மிளகு, வறுவலில் மிளகு. பாயசத்தில்கூட ஒரு துண்டு சுக்கைத் தட்டிப் போட்டாள். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் நெடி தாங்காமல் தும்மினார்கள்.

தலைவாழை இலை விரித்து, படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் படைத்தாள். சின்ன கிளாஸில் பாகை ஊற்றி, குழம்புக் கரண்டியைக் குப்புறப் பிடித்து, அதன் முதுகில் மற்ற இரண்டையும் இறக்கினாள். கை தயங்காமல் வந்தது. மூன்றும் கலையாமல் நின்றன. கற்பூரம் காட்டினார்கள். போனவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள். பிறகு கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்கள். படத்துக்கு முன்னால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

உறவுக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். அஞ்சலாட்சி பரிமாறினாள். ஏகாம்பரத்துக்கு மூக்கும் கண்ணும் ஒழுகின. இடது புறங்கையால் துடைத்துக்கொண்டே சாப்பிட்டான்.

“காரம் கொஞ்சம் தூக்கல்தான் அண்ணி. ஆனா நல்லா இருக்குது.”

“உப்பு?”

அவன் ஒரு நொடி இலையைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தான். அவன் அண்ணனுக்கும் அதே புன்னகைதான்.

“சரியா இருக்குது அண்ணி.”

பக்கத்தில் இருந்த பெரியம்மா தலையாட்டினாள். எதிர்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். எல்லோரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சலாட்சி உள்ளே போய்க் குழம்புச் சட்டியில் விரலை விட்டாள். எச்சில் படக்கூடாது என்ற சட்டியில்தான். விரலை நாக்கில் வைத்தாள். காரம் சுட்டது. அது அடங்கட்டும் என்று நின்றாள். அடங்கிய பிறகு, பின்னால் புளிப்புதான் வந்தது, உப்பு வரவில்லை. புட்டைக் கிள்ளி வாயில் போட்டாள். வறுவலைப் பார்த்தாள். எதிலும் உப்பு இல்லை. ஒரு கல்லுகூட இல்லை. கல்யாணமான மறுநாளிலிருந்து உப்புப் போடுவதும் அவரைக் கூப்பிடுவதும் அவளுக்கு ஒரே வேலையாகப் பழகியிருந்தது. இன்றைக்குக் கூப்பிட ஆள் இல்லை. கை உப்பு ஜாடிக்கே போகவில்லை.

பந்தியில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏகாம்பரம் மறுசோறு கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். கொழுந்தனின் இலையில் ஓரமாக ஒரு சிட்டிகை வைத்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். பெரியம்மாவுக்கு வைத்தாள். வரிசையாக ஒவ்வொரு இலைக்கும் வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் படத்துக்கு முன்னால் இருந்த இலைக்கு வந்து, கையில் உப்போடு நின்றாள். பிறகு மெள்ள உட்கார்ந்து, அதில் ஒரு சிட்டிகை வைத்தாள்.

“உப்பு பாருங்க,” என்றாள்.

அதற்குப் பிறகு, பந்தியில் யாருக்கும் கேட்காதபடி, “இன்னிக்காவது நெசத்தைச் சொல்லுங்க.”